எல்லையிற் கூறப்படும் கதை: ஐக்கிய அமெரிக்கப் புகலிட விதிகள் பற்றிய ஒரு நோக்கு

புகலிடக் கோரிக்கை பற்றிய கைந்நூல்கள் பெரும்பாலும் சட்டத்துறையினரால் எழுதப்படுபவை. இலக்கிய மாணவர்கள் அவற்றைத் தமக்குரியனவாகக் கருதுவதில்லை. ஆயின், நில எல்லையொன்றிற் புகலிடம் கேட்டு நிற்பவர் முதலிலும் முடிவிலும் செய்யவேண்டியது ஒன்றே: தமக்கு நேர்ந்ததைக் கூறுதல். அவரிடம் ஆவணம் எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை. சாட்சிகள் ஊரில் நின்றுவிடுகின்றனர். கூற்றுள் எது அடங்கும், எது புறம்பானது, எந்த ஒழுங்கிற் சொன்னால் அது நம்பப்படும் என்பனவற்றைச் சட்டமே வகுத்து வைத்திருக்கின்றது. எனவே கதைகூறல் பற்றிச் சிந்திப்போர்க்கும் இங்கு வேலையுண்டு. (கதை என்னும்போது புனைவு என்று பொருள்கொள்ளலாகாது; உண்மையும் ஒரு வடிவத்திலேயே கூறப்படுகின்றது.) ஐக்கிய அமெரிக்காவின் மெக்சிக்கோ எல்லையை எடுத்துக்கொண்டு, அங்குள்ள விதிகளையும், சட்டத்தரணிகள் கூறிவரும் ஆலோசனைகளையும், அவற்றின் சமூக அடித்தளத்தோடு சேர்த்து நோக்குவதே எமது முயற்சியாகும்.

இவ்விதிகளின் மூலம் 1951 ஆம் ஆண்டு ஜெனீவாவில், 26 நாடுகளின் பிரதிநிதிகள் கூடிய மாநாட்டில் உருவான அகதிகள் சமவாயமாகும். இனம், சமயம், தேசியம், குறித்தவொரு சமூகக் குழுவின் உறுப்புரிமை, அரசியற் கருத்து ஆகிய ஐந்தனுள் ஒன்றன் காரணமாகத் துன்புறுத்தப்படலாம் என்ற ஆதாரமுள்ள அச்சத்தோடு தம் நாட்டுக்கு வெளியே நிற்பவரையே அது அகதி என்கின்றது. ஐந்தனுள் 'சமூகக் குழு' என்பது மாநாட்டின் இறுதிக் கட்டத்திற் சுவீடன் பிரதிநிதியின் திருத்தத்தினாற் சேர்ந்தது. பசி இப்பட்டியலில் இல்லை, நிலமிழப்பு இல்லை, வர்க்கம் என்ற சொல்லும் இல்லை. கெடுபிடி யுத்தத்தின் தொடக்க ஆண்டுகளில், சோவியத் முகாம் பங்குபற்றாத மாநாடொன்றில் எழுதப்பட்ட வரைவிலக்கணம் வேறுவிதமாக அமைந்திருக்குமென எதிர்பார்ப்பதற்கில்லை. அரசியற் காரணம் வேறு, பொருளாதாரக் காரணம் வேறு என்ற முதலாளித்துவ உலகநோக்கு, அகதி யார் என்ற வினாவுக்கான விடையாகவே உறைந்துவிட்டது. அச்சமவாயத்தை விரிவாக்கிய 1967 ஆம் ஆண்டு நெறிமுறையில் ஐக்கிய அமெரிக்கா 1968 இல் இணைந்தது. 1980 ஆம் ஆண்டின் அகதிகள் சட்டத்தின் மூலம் வரைவிலக்கணத்தைத் தன் உள்நாட்டுச் சட்டமாக்கியது.

அச்சட்டம் நடைமுறைக்கு வந்த தசாப்தத்திலேயே அதன் வர்க்கப் பண்பு வெளிப்பட்டது. அமெரிக்க இராணுவ உதவியோடு போர் நடத்திய எல் சல்வடோர் அரசிடமிருந்து தப்பி வந்தோருள், 1984 இல், நூற்றுக்கு மூவருக்குக்கூடப் புகலிடம் கிடைக்கவில்லை. குவாத்தமாலா மக்களின் நிலையும் அதுவே. தேவாலயங்களும் அகதிகள் அமைப்புகளும் தொடுத்த வழக்கின் பயனாக 1991 இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி அவர்களது கோரிக்கைகள் மீண்டும் விசாரிக்கப்பட வேண்டியதாயிற்று.

இதனினும் ஆழமானது 1985 இற் குடிவரவு மேன்முறையீட்டுச் சபை வழங்கிய ஒரு தீர்மானம். சான் சல்வடோரில் டாக்ஸிச் சாரதிகளின் கூட்டுறவொன்றைச் சேர்ந்தவர் ஒருவர். வேலைநிறுத்தங்களிற் கலந்துகொள்ள மறுத்தமைக்காகக் கெரில்லாக்களால் அச்சுறுத்தப்பட்டவர். சாரதிகள் 'சமூகக் குழு' ஆகமாட்டார் என்றது சபை. ஒருவரால் மாற்றமுடியாத, அல்லது மாற்றுமாறு கேட்கக்கூடாத இயல்பே குழுவை ஆக்கும். தொழிலையோ மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் நியாயம். இந்த அளவுகோல் பின்னர் எத்தனையோ பேருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வழி திறந்துவிட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், கைகளைத் தவிர வேறு முதல் இல்லாதவனுக்குத் தொழில் சட்டையைப்போல மாற்றத்தக்கது என்று கருதுவது எந்த வர்க்கத்தின் அனுபவம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இனி எல்லைக்கு வருவோம். நாட்டில் இருப்பவர் அல்லது நாட்டிற்கு வந்துசேர்பவர் எவரும், குறித்த நுழைவாயிலூடாக வந்தாலும் வராவிட்டாலும், புகலிடம் கோரலாம் என்பது சட்டத்தின் வாசகம். சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரையும், ஆபத்திலிருந்து நேரே வந்து, தாமதமின்றி அதிகாரிகள்முன் தோன்றி, தக்க காரணங் காட்டுவோரைச் சட்டவிரோத நுழைவுக்காகத் தண்டித்தலாகாது என்கின்றது. 'ஒளியாதீர், காணும் முதலாவது உத்தியோகத்தரிடமே சொல்லுங்கள்' என்ற பழைய ஆலோசனை இதிலிருந்து பிறந்ததே. எனவே, வந்து சேர்தல் எனும் வினை எப்போது நிறைவேறுகின்றது என்பது உயிர்ப் பிரச்சினையாயிற்று. பாலங்களின் நடுக்கோட்டில் உத்தியோகத்தரை நிறுத்திவைத்தால், மறுபக்கம் நிற்பவர் வந்துசேரவில்லை என்று வாதிக்கலாமல்லவா? 2016 முதல் நிகழ்ந்தது இதுவே. திஹுவானாவில் ஒரு குறிப்புப் புத்தகம் தோன்றியது. ஓர் இலக்கத்துக்குப் பத்துப் பெயர்களாக எழுதி, காத்திருந்த அகதிகளே அதனை வைத்து நடத்தினர். அரசு தன் கடமையை வெளியே தள்ள, வரிசையை முறைப்படுத்தும் உழைப்பும் துன்புறுவோரின் தலையில் விழுந்தது. கோட்டில் தடுக்கப்பட்டவரும் 'வந்துசேர்பவரே' என 2024 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை விசாரணைக்கு ஏற்றது. ஒரு வினைச்சொல்லின் பொருளுக்காக இத்தனை ஆண்டுகள்!

அதன் பின் வந்த ஏற்பாடுகளைச் சுருக்கமாகவே கூறலாம். 2019 சனவரியிலிருந்து ஈராண்டுகளில் ஏறத்தாழ 70,000 பேர், வழக்கு முடியும்வரை மெக்சிக்கோவிற் காத்திருக்குமாறு திருப்பியனுப்பப்பட்டனர். 2020 மார்ச் தொடக்கம் 2023 மே 11 வரை, தொற்றுநோய்த் தடுப்பின் பெயரால், விசாரணையின்றி 25 இலட்சத்துக்கும் அதிகமான வெளியேற்றங்கள் நிகழ்ந்தன. 2023 இல் குறிப்புப் புத்தகத்தின் இடத்தைக் கைப்பேசிச் செயலியொன்று பிடித்தது. நாளொன்றுக்கு 1,450 நேரஒதுக்கீடுகள் வரை அது வழங்கியது. ஆங்கிலம், ஸ்பானியம், ஹெயிட்டிக் கிரியோல் ஆகிய மும்மொழிகளே அதில் இருந்தன. குவாத்தமாலாவின் மாயா மொழிகளைப் பேசுவோருக்கோ தமிழருக்கோ அதில் இடமில்லை. 2025 சனவரி 20 இற் புதிய ஆட்சி பதவியேற்ற அன்றே இருந்த ஒதுக்கீடுகள் யாவும் நீக்கப்பட்டன. தென்னெல்லையூடான நுழைவை நிறுத்தும் பிரகடனமும் வெளியாயிற்று. அப்பிரகடனம் சட்டத்தை மீறுகின்றதென அவ்வாண்டு யூலையில் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் தீர்த்தது. ஓகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பின் ஒரு பகுதியை நிறுத்திவைத்தது. ஆகவே எந்த ஆலோசனையையும் வாசிக்குமுன் அது எழுதப்பட்ட திகதியை நோக்குதல் முதற்கடமை. ஆறு மாதத்துக்கு முந்திய துண்டுப்பிரசுரம் ஒருவரை அழித்துவிடக்கூடும்.

வாயில்கள் மாறினும் கதைக்குரிய விதிகள் அத்துணை மாறவில்லை. 1996 ஆம் ஆண்டின் சட்டப்படி, எல்லையிற் பிடிபடுபவரை நீதிபதியிடம் கொண்டுசெல்லாமலே உத்தியோகத்தர் அகற்றலாம். அவர் அச்சத்தை வெளியிட்டால் மட்டும் 'நம்பத்தகு அச்சம்' பற்றிய நேர்காணலுக்கு அனுப்பவேண்டும். திரும்பிச் செல்ல அஞ்சுகிறீரா என்று முன்னர் உத்தியோகத்தரே கேட்கவேண்டியிருந்தது. 2024 யூனில் வந்த விதி அக்கேள்வியை நீக்கியது: கேளாமலே, சொல்லாலோ குறிப்பாலோ மெய்ப்பாட்டாலோ அச்சம் வெளிப்படவேண்டியதாயிற்று. மெய்ப்பாடு பற்றித் தொல்காப்பியத்திற் கற்ற எமக்கு, சீருடை அணிந்தவர்முன் பணிவோடு மௌனமாய் நிற்பதே மரியாதை என்று பழகிய ஒரு விவசாயியின் அச்சம் எந்த மெய்ப்பாட்டில் வெளிப்படும் என்ற வினா எழாமலிராது. அதனாற்றான் சட்டத்தரணிகள், 'நான் திரும்பிச் செல்ல அஞ்சுகிறேன்' என்ற ஒரு வாக்கியத்தையாவது மனனஞ் செய்யச் சொல்கின்றனர்.

ஏன் வந்தீர் என்ற கேள்விக்கு 'வேலை தேடி' என்பதே பலரின் முதல் விடை. அது பொய்யன்று. கொலை மிரட்டலால் ஊரைவிட்டவனும் வேலை தேடியே ஆகவேண்டும். ஆனால் அவ்விடை மட்டும் பதிவாகிவிட்டால் பின்னர் கூறுவதெல்லாம் புதிதாய்ச் சேர்த்ததாகத் தோன்றும். காரணங்கள் பல இருக்கலாம். ஐந்தனுள் ஒன்று மையக் காரணங்களில் ஒன்றாயிருந்தாற் போதும் என்பதே 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. எனவே வறுமையை மறைக்காமலே அச்சத்தையும் கூறவேண்டும். அதே சட்டம், கோரிக்கையின் மையத்தைத் தொடாத சிறு முரண்பாடுகளைக்கூட நம்பகமின்மைக்குச் சான்றாகக் கொள்ள இடமளிக்கின்றது. அறுவடைக் காலத்தையும் திருவிழாவையும் கொண்டு நினைவுகூர்பவர், அஞ்சி ஒரு திகதியை ஊகித்துச் சொல்வது ஆபத்து. நினைவில்லை என்பதும், ஏறத்தாழ இன்ன காலம் என்பதும் தகுந்த விடைகளே. விளங்காத தாளிற் கையெழுத்திடலாகாது. விண்ணப்பம் ஆங்கிலத்தில், வந்த ஓராண்டுக்குள் கொடுக்கப்படல் வேண்டும். 2025 யூலையில் அதற்கு 100 டொலர் கட்டணமும் விதிக்கப்பட்டது. சட்டத்தரணியை வைக்க உரிமையுண்டு. அரச செலவில் அன்று. தெரிந்தே பொய்யான விண்ணப்பம் செய்தவருக்குக் குடிவரவுச் சலுகைகள் நிரந்தரமாக மறுக்கப்படலாம். புகலிடம் மறுக்கப்படினும் சித்திரவதைக்கெதிரான சமவாயத்தின்கீழ்ப் பாதுகாப்புக் கேட்கலாம் என்பது பலர் அறியாத செய்தி. அங்கு ஐந்து காரணங்கள் தேவையில்லை. ஆனால் சித்திரவதை நிகழ்வதற்கே வாய்ப்பு அதிகம் என்பதையும், அதில் அரச அதிகாரிகளின் பங்கோ உடன்பாடோ இருக்குமென்பதையும் நிறுவவேண்டும்.

இவ்விதிகள் யாவும் ஒன்றுகூடிச் செயற்பட்டதற்குச் சான்றாக அமைவது இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்காகும். 2017 இல் கலிபோர்னிய எல்லையைக் கடந்த அவர், கோட்டிலிருந்து 25 யார் தூரத்துக்குள் பிடிக்கப்பட்டார். சிலர் தம்மைக் கடத்திச் சென்று கடுமையாக அடித்தனர் என்றார். நேர்கண்ட உத்தியோகத்தர் அதனை நம்பினார். ஆனால் அடித்தவர் யார், எதற்காக அடித்தனர் என்பன தமக்குத் தெரியாது என்றும் அவர் சொல்லியிருந்தார். துன்பம் மெய், காரணம் இல்லை. எனவே கோரிக்கை தள்ளப்பட்டது. தமிழ் வேட்பாளர் ஒருவருக்காக வேலைசெய்தமை பற்றிய செய்தியும், மொழிபெயர்ப்பாளரோடு விளக்கக் குறைபாடு இருந்ததென்ற முறைப்பாடும் பின்னர் நீதிமன்ற மனுவிலேயே இடம்பெற்றன. 2020 யூன் 25 இல் உச்ச நீதிமன்றம், எல்லை கடந்தவுடன் பிடிபட்டவர் இன்னும் வாயிலில் நிற்பவராகவே கருதப்படுவார், முடிவை ஆட்கொணர்வு மனுமூலம் மீளாய்வு செய்விக்க அவருக்கு உரிமையில்லை என்றது. எழுவர் அரசின் பக்கம் முடிவுசெய்ய, இருவர் மறுத்தனர்.

'யாரென்று தெரியாது' என்பது எம்மவர் நாவிற் பல பொருள்படும். பெயர் தெரியாது என்பதும், தெரிந்தும் பெயர் சொல்லி வாழமுடியாது என்பதும், சொல்ல வேண்டியதில்லை, கேட்பவனுக்கே விளங்கும் என்பதும் அதனுள் அடங்கும். வெள்ளை வான் என்று ஒரு கிராமத்தவர் கூறினால் இங்கு எவருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. தொலைபேசியின் மறுமுனையிலுள்ள மொழிபெயர்ப்பாளர் அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஒரு வாகனத்தின் நிறம் மட்டுமே எஞ்சும். ஆகவே நேர்காணலுக்குச் செல்பவருக்கு நாம் கூறக்கூடியவை சில. தெரியாது என்று நிறுத்தாது, எதனால் இன்னார் என ஊகிக்கிறீர் என்பதையும் சொல்லுங்கள்: என்ன உடை, என்ன மொழி, அதற்கு முன் எந்தக் கூட்டத்துக்குப் போனீர்கள், அயலில் வேறு யாருக்கு இவ்வாறு நேர்ந்தது. மொழிபெயர்ப்பு விளங்காவிடில் உடனே சொல்லி, அதனைப் பதிவுசெய்யுமாறு கேளுங்கள். இறுதியில் வாசித்துக்காட்டப்படும் சுருக்கத்தில் விடுபட்டதைச் சேர்ப்பியுங்கள். முடிவு எதிராயின் குடிவரவு நீதிபதியின் மீளாய்வு வேண்டுமென்று கேளுங்கள். கேட்டால் ஏழு நாளுக்குள் அது நடைபெறவேண்டும் என்பது சட்டம்.