மார்பைப் பிளவாமல் இருதயத்தை அடைந்த வழி

மனித உடலின் உறுப்புகளுள் இருதயம் ஒன்றே நெடுங்காலமாகச் சத்திரவைத்தியரின் கத்திக்கு எட்டாத கோட்டையாக விளங்கிற்று. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஓர் இலட்சம் முறை துடிக்கும் அவ்வுறுப்பை நிறுத்தினால் உயிர் நில்லாது. துடிக்கவிட்டபடியே உள்ளே தையலிடுவதும் அரிது. 1953-ம் ஆண்டு மே மாதத்தில் ஜோன் கிப்பன் என்னும் அமெரிக்க வைத்தியர், இருதயத்தினதும் நுரையீரலினதும் வேலையைச் சிறிது நேரம் தானே ஏற்றுக்கொள்ளும் யந்திரமொன்றின் துணைகொண்டு, பதினெட்டு வயது நங்கை ஒருத்தியின் இருதயத்திலிருந்த துவாரத்தை மூடினார். கோட்டையின் தலைவாயில் அன்று திறந்தது. ஆயினும், அவ்வாயிலால் நுழைவதற்கு மார்பைத் திறந்தாக வேண்டும். அவ்வாறு திறவாமலே உள்ளே செல்லும் வழியொன்றை, அதற்கு இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்னரே இளைஞர் ஒருவர் கண்டுவிட்டார் என்பது வியப்புக்குரிய செய்தியாகும்.

தன் உடலே சோதனைச்சாலை

1929-ம் ஆண்டில், ஜேர்மனியில் பேர்லின் நகருக்கு அண்மையிலுள்ள எபர்ஸ்வால்டே என்னும் சிற்றூரின் வைத்தியசாலையில் வேர்னர் போர்ஸ்மன் என்பவர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். கையிலுள்ள நாளத்தின் வழியே மெல்லிய குழாயொன்றைச் செலுத்தினால், அது இரத்தம் செல்லும் பாதையிலேயே சென்று இருதயத்தை அடையுமன்றோ என்பது அவர் எண்ணம். மேலதிகாரி அனுமதி மறுத்தார். ஆயுதங்கள் வைத்திருந்த அலுமாரியின் திறப்போ தாதி ஒருத்தியின் கையில் இருந்தது. போர்ஸ்மன் தம் கருத்தை அவளிடம் எடுத்துரைக்கவே, அச்சோதனையைத் தன் மீதே செய்யலாமென அவள் முன்வந்தாள். அவளை மேசையிற் படுக்கவைத்துக் கட்டிவிட்டு, அவள் அறியாவண்ணம் தம் இடக்கையையே கீறி, சிறுநீர்ப் பாதைக்கெனச் செய்யப்பட்ட குழாயொன்றை அவர் நாளத்தினுள் புகுத்தினார். பின்னர் அவளது கட்டை அவிழ்த்துவிட்டு, குழாய் கையிற் செருகியபடியே எக்ஸ்றே அறைக்கு நடந்து சென்றார். கண்ணாடியிற் பார்த்துப் பார்த்துக் குழாயை மேலும் தள்ளினார். அதன் முனை இருதயத்தின் வலப்புறத்தை அடைந்திருந்ததைப் படம் காட்டிற்று. அவருக்குத் தீங்கேதும் நேரவில்லை.

உலகம் அவரைப் போற்றவில்லை. பேர்லினில் அவர் பெற்ற பதவியும் நிலைக்கவில்லை. இருதயத்தை விட்டுச் சிறுநீரக வைத்தியத்தை நாடினார். ஆனால் அவர் எழுதி வெளியிட்ட கட்டுரையை நியூயோர்க்கிலே கூர்நாண்ட், றிச்சட்ஸ் என்னும் இருவர் படித்து, அம்முறையை இருதய ஆராய்ச்சிக்குச் செம்மையாகப் பயன்படுத்தினர். 1956-ம் ஆண்டின் வைத்தியத்துக்கான நோபெல் பரிசு மூவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

காலைக் காத்த குழாய்

இருதயத்தைப் பார்ப்பதற்கு வழி பிறந்தது; அடைப்பை நீக்குவதற்கு வழி யாது? 1964-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில், அமெரிக்காவின் போட்லண்ட் நகரிலே, எண்பத்திரண்டு வயது மூதாட்டி ஒருவரின் பாதம் இரத்தோட்டமின்றி அழுகத் தொடங்கிற்று. காலை அகற்றவேண்டுமென வைத்தியர்கள் கூற, அம்மூதாட்டி இணங்கவில்லை. சாள்ஸ் டொட்டர் என்பவர், தொடை நாடியிலிருந்த அடைப்பினூடே கம்பியொன்றைச் செலுத்தி, அதன்மேற் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, வழியை விரித்தார். குளிர்ந்திருந்த பாதம் சூடேறிற்று. மூதாட்டி தம் இரு கால்களாலும் நடந்தே எஞ்சிய நாட்களைக் கழித்தார்.

இம்முறையை இருதயத்துக்குக் கொண்டுவந்தவர் அன்ட்றேயாஸ் குறூன்சிக். சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலே பணிபுரிந்த இவர், இரவு வேளைகளில் தம் வீட்டுச் சமையலறை மேசையிலிருந்து, குழாயின் நுனியில் விரியக்கூடிய சிறு பிளாஸ்டிக் பலூன்களைத் தம் கையாலேயே செய்து பார்த்தார். 1977-ம் ஆண்டு செப்டெம்பர் 16-ம் தேதி, தம் வயதினரான முப்பத்தெட்டு வயது நோயாளி ஒருவரின் இருதய நாடியிற் பலூனைச் செலுத்தி விரித்தார். பலூன் சுருங்கி வெளிவந்தபோது இரத்தம் தடையின்றிப் பாய்ந்தது. நோயாளி விழித்திருந்தபடியே யாவும் நிகழ்ந்தன. குறூன்சிக் 1985-ல் விமான விபத்தில் மாண்டார். அவர் திறந்த நாடியோ, பத்தாண்டுகளின் பின் எடுத்த படத்திலும் திறந்தே காணப்பட்டது.

எல்லோருக்கும் அந்நற்பேறு வாய்க்கவில்லை. பலூனால் விரித்த நாடி, ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்குச் சில மாதங்களில் மீண்டும் ஒடுங்கிற்று. ஆகவே 1986-ல் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும், நாடியின் சுவரைத் தாங்கி நிற்கும் உலோக வலைக்குழலை உள்ளே வைக்கத் தொடங்கினர். இந்நாளில் அவ்வலையில் மருந்தும் பூசப்படுகின்றது. 2002-ல் பிரான்சின் றூவான் நகரில் அலன் கிறிபியே என்பவர், மார்பைத் திறவாமலே இருதயத்தின் வால்வொன்றையும் குழாய் வழியே பொருத்திக் காட்டினார்.

குடும்பத்தார் அறியவேண்டியது

குழாய்ச் சிகிச்சை வந்தமையாற் கத்திக்கு வேலையில்லாமற் போய்விடவில்லை. நாடிகள் பலவும் அடைபட்டவர்களுக்கும், அவர்களுள் நீரிழிவு உள்ளோருக்கும், மாற்றுவழி அமைக்கும் சத்திரசிகிச்சையே பெரும்பாலும் சிறந்தது. காலிலிருந்து எடுத்த நாளத்தைக்கொண்டு அடைப்பைத் தாண்டி இரத்தத்துக்குப் புதுப்பாதை அமைக்கும் அம்முறையை 1967 முதல் செம்மைப்படுத்தியவர் ஆர்ஜென்ரீன நாட்டவரான றெனே பவலோறோ. யாருக்கு எது ஏற்றதென்பதை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும்.

இன்னொன்று. பலூன் அடைப்பை ஒதுக்குகின்றதேயன்றி நோயின் வேரைக் களைவதில்லை. புகைத்தலும் இரத்த அழுத்தமும் நீரிழிவும் கொழுப்பும் கட்டுக்கடங்காவிடின், மற்றொரு நாடி அடைபடுவதை எந்தக் குழாயும் தடுக்கமாட்டாது.

நம் வீடுகளில் முதியோர் மார்பு நோவை வாயுக் குத்தென்று கூறி, இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வதுண்டு. மார்பின் நடுவே அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் விடியும்வரை காத்திராதீர்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நோவின்றியே களைப்பாகவும் குமட்டலாகவும் அது வரக்கூடும். நாடி அடைபட்டபின் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் இருதயத் தசை சிறிது சிறிதாக இறக்கின்றது. இறந்த தசையை எந்த வைத்தியராலும் மீட்க இயலாது. எத்துணை சிறந்த சிகிச்சையாயினும், நோயாளி காலந்தாழ்த்தாது வைத்தியசாலையை அடைந்தாலன்றி அது பயன்தருமோ?