நுரையாய் வரும் காவேரி

மழைக்காலத்தில் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையின் மதகுகள் திறக்கப்படும் நாட்களில் ஆற்றங்கரைக்குச் செல்பவர், தூரத்தில் பஞ்சுப்பொதியாகத் தோன்றி, அருகே நெருங்குகையில் மூக்கைத் துளைக்கும் துர்நாற்றத்தால் தன் உண்மை ஸ்வரூபத்தைக் காட்டிவிடும் வெண்ணுரை, மலைபோல் குவிந்து தரைப்பாலத்தை மூடிக் கிடப்பதையும், காற்றடித்தால் துண்டு துண்டாகப் பிய்ந்து அக்கம்பக்கத்துப் பயிர்கள் மீது படிவதையும் காணலாம். மும்மொழி வழங்கும் அப்பிரதேசத்தில் அதைத் தமிழர் நுரை என்பர், தெலுங்கர் நுருகு என்பர், கன்னடியர் நொரெ என்பர். அதனால் படும் அவஸ்தை மூவருக்கும் ஒன்றே.

நந்தி மலையில் உற்பத்தியாகி இவ்வணைக்கு வரும் தென்பெண்ணை இயல்பிலே நுரைக்கும் நதியன்று. பெங்களூரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் விழுந்து, அங்கிருந்து வழிந்து இந்நதியில் கலக்கிறது. சலவைத் தூளின் ரசாயனங்கள் கரைந்த அந்த ஜலம் மதகிலிருந்து விழுந்து அடிபடும்போது நுரையாகப் பொங்குகிறது. பெல்லந்தூர் ஏரி 2017 பிப்ரவரியில் தீப்பற்றிப் புகைந்ததை தேசமே பார்த்தது. இதிலே சிந்திக்கத்தக்க விஷயம் மற்றொன்றும் உண்டு: பெங்களூர் குடிப்பதில் பெரும்பகுதி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து இறைத்துக் கொண்டுவரப்படும் காவேரி நீர். எந்தக் காவேரிக்காகத் தமிழகம், கர்நாடகம் என்னும் இரு ராஜ்யங்களும் தலைமுறை தலைமுறையாக வழக்காடினவோ, அந்தக் காவேரியே சாக்கடையாகி, வேறொரு நதியின் வழியே, எவரும் கேளாமலே எல்லை தாண்டி வருகிறது.

சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1892-இல் செய்துகொண்ட ஒப்பந்தம் முதல், தென்பெண்ணையின் உபநதியான மார்க்கண்டேய நதி அணை குறித்துத் தமிழகம் 2018-இல் சுப்ரீம் கோர்ட்டில் தொடுத்த வழக்கு வரையில், விவாதமெல்லாம் எவ்வளவு நீர் என்பதைப் பற்றியதே. 2019 நவம்பரில் நீதிமன்றம் நடுவர் மன்றத்தை நாடுமாறு கூறியபோதும் பிரச்சினை பங்கீடுதான். டி.எம்.சி. கணக்கு மேடையேறுகிறது, வருகிற நீர் பயிருக்கு ஆகுமா என்ற கேள்வி கரையிலேயே நின்றுவிடுகிறது.

தென்னமெரிக்காவில் பொலிவியாவும் பெருவும் பகிர்ந்துகொள்ளும் டிட்டிகாகா ஏரியிலும் இதே துயரம்: எல் ஆல்டோ நகரத்தின் கழிவு கட்டாரி ஆற்றின் வழியே கோஹானா விரிகுடாவில் இறங்க, கரையோரத்து ஏழை உழவர்களும் மீனவர்களும் அதன் பலனை அனுபவிக்கின்றனர். மேட்டிலிருக்கும் நகரம் வளர்வதற்குப் பள்ளத்திலிருக்கும் கிராமம் விலை கொடுப்பது எந்த தேசத்திலும் தர்மமாகாது.

ஆயினும் குற்றத்தை எல்லைக்கு அப்பால் மட்டும் தேடுவது நியாயமன்று. ஒகேனக்கல் திட்டத்தின் மூலம் ஓசூரும் காவேரியைத்தான் பருகுகிறது. நம் ராமநாயக்கன் ஏரியிலும் நம் ஊர்ச் சாக்கடைதான் கலந்து வந்திருக்கிறது. பிறக்கும் இடத்திலேயே கழிவைச் சுத்திகரிப்பதும், நதி தமிழகத்துள் நுழையும் கொடியாளத்தில் இரு ராஜ்யத்தாரும் கூடியே நீரின் தரத்தை அளந்து ஜனங்களுக்கு அறிவிப்பதும், இனி வரும் எந்த ஒப்பந்தத்திலும் அளவோடு தூய்மையையும் நிபந்தனையாக எழுதுவதும் உடனே செய்யத்தக்கவை. கெலவரப்பள்ளியோடு நதி நின்றுவிடவில்லை. கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை கடந்து கடலூர் வரையில் அதை நம்பியே மதகு திறக்கக் காத்திருக்கும் வயல்கள் எத்தனையோ இருக்கின்றன.