பயணப் பெட்டியில் பாலிசியும் இருக்கட்டும்!

மழை ஏமாற்றினால் நம் கரிசல் காட்டில் உளுந்தும் இல்லை, பருத்தியும் இல்லை. தீப்பெட்டி ஆபீஸ் கூலியை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? அதனால்தான் கோவில்பட்டி சுற்றுவட்டாரத்தில் பல வீட்டு ஆண்கள் சவூதி, துபாய் என்று கிளம்பி விடுகிறார்கள். பருப்புப்பொடி, ஊறுகாய், கடலைமிட்டாய் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுக்கிற நாம், இன்சூரன்ஸ் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக, மத்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அப்படிப் போகிறவர்களுக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' பாலிசி கட்டாயம். 2003-ல் வந்த திட்டம் இது. 2017-ல் திருத்தியபடி, 2 வருஷத்துக்கு பிரீமியம் 275 ரூபாய், 3 வருஷத்துக்கு 375 ரூபாய். ஒரு நல்ல சேலை விலைகூட இல்லை! விபத்தில் உயிர் போனாலோ, நிரந்தர ஊனமானாலோ 10 லட்ச ரூபாய் உண்டு. மாரடைப்பு மாதிரி நோயில் இறந்தால் அந்த 10 லட்சம் கிடையாது. அதற்குத் தனியாக ஒரு ஆயுள் காப்பீடு போட்டு வைப்பது நல்லது.

எங்கள் தெரு அக்கா ஒருவரின் வீட்டுக்காரர் சவூதியில் சாரத்திலிருந்து விழுந்து இறந்து போனார். பாலிசி இருந்ததே அக்காவுக்குத் தெரியாது. காகிதம் ஏஜென்ட் கையில். ஏஜென்ட்டோ போனையே எடுக்கவில்லை. வீட்டில் ஒரு ஜெராக்ஸ் இருந்திருந்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

காய்ச்சல், ஆபரேஷன் என்றால்? நம்ம ஊர் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லாது. சவூதியிலும் துபாயிலும் வேலை கொடுக்கிற முதலாளிதான் மருத்துவக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும் என்பது சட்டம். 2025 ஜனவரி முதல் ஐக்கிய அரபு நாடுகள் முழுவதிலும் இதே கதைதான். "விசிட் விசாவில் போ, அங்கே போய் மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. அப்படிப் போகிறவருக்கு இந்த இரண்டு பாதுகாப்புமே இல்லை.

எனவே கிளம்பும் முன்பே பாலிசி நம்பர், முடிகிற தேதி, நாமினி பெயர் மூன்றையும் நோட்டில் எழுதி, ஒரு ஜெராக்ஸ் பீரோவில் வையுங்க. அங்கே போனதும் காப்பீட்டு அட்டை கைக்கு வந்ததா என்று போனில் கேளுங்க.

"கிளம்புற நேரத்துல அபசகுனமாப் பேசாதே" என்று மாமியார் சொல்லத்தான் செய்வார். குடை எடுத்துப் போவதால் மழை வந்துவிடும் என்றால், நம் கரிசலில் வருஷம் பூரா மழை கொட்டியிருக்காதா?

- ஒரு வாசகி, கோவில்பட்டி