ஊரின் பெயரே ‘150 மைல் ஹவுஸ்’! - ஒரு வண்டிச்சாலையின் கதை

கனடாவில் சாலைப் பலகைகள் 1977-லேயே கிலோமீட்டருக்கு மாறிவிட்டன. ஆனால், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு குட்டி ஊர் இன்னமும் மைல் கணக்கைப் பெயரிலேயே சுமந்துகொண்டிருக்கிறது. ஊரின் பெயர், ‘150 மைல் ஹவுஸ்’.

லில்லூயெட் என்ற ஊரிலிருந்து 150-வது மைலில் இருப்பதால் இந்தப் பெயர். சரி, அதென்ன ‘ஹவுஸ்’?

சத்திரங்கள் முளைத்தன!

1860-களின் தொடக்கத்தில் கரிபூ மலைப்பகுதியில் தங்கம் கிடைப்பதாகச் செய்தி பரவ, கூட்டம் கூட்டமாக ஆட்கள் கிளம்பினார்கள். சரக்கு வண்டிகள் போவதற்காக ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸ் 18 அடி அகலத்தில் சாலை போட உத்தரவிட்டார். 1862-ல் தொடங்கிய வேலை, 1865-ல் பார்க்கர்வில் வரை முடிந்தது.

வழிநெடுக சத்திரங்கள் முளைத்தன. வண்டிக்காரர்களுக்குச் சாப்பாடு, படுக்கை. குதிரைகளுக்குத் தீனி, லாயம். இந்தச் சத்திரங்கள்தான் ‘ஹவுஸ்’. மைல் கணக்கே முகவரியானது.

இதே பாதையில் 1862-ல் சுமை தூக்க 23 ஒட்டகங்களைக்கூட இறக்கிப் பார்த்தார்கள். அவற்றின் வாடை பட்டதும் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் மிரண்டு ஓட, அந்த யோசனை கைவிடப்பட்டது.

ஒரு கடன்... ஒரு திருப்பம்!

சாலை உண்மையில் அருகிலிருந்த வில்லியம்ஸ் லேக் வழியாகத்தான் போயிருக்க வேண்டுமாம். ஒப்பந்தக்காரர் கஸ்டவஸ் ரைட், ஆட்களுக்குக் கூலி கொடுக்க அங்கிருந்த நிலக்காரரிடம் கடன் கேட்டார். அவர் கைவிரித்தார். 150-வது மைலில் இருந்தவர் கொடுத்தார். சாலையும் அந்தப் பக்கமே திரும்பியது என்கிறது உள்ளூர்க் கதை.

அரை நூற்றாண்டு கழித்துக் காட்சி மாறியது. 1919-ல் ரயில் வந்தபோது, நிலையம் அமைந்தது வில்லியம்ஸ் லேக்கில். வியாபாரம் அங்கே போனது. 1929-ல் அது முறைப்படி ஊராட்சி அந்தஸ்து பெற்றது. 150 மைல் ஹவுஸ் சின்ன ஊராகவே தங்கிவிட்டது.

இரண்டிலும் தோற்றவர்கள்

சாலைக்கும் ரயிலுக்கும் முன்பே அங்கே வாழ்ந்தவர்கள் செக்வெபெம் பழங்குடியினர். வில்லியம்ஸ் லேக் நகரம் இருக்கும் இடத்தில்தான் அவர்களின் கிராமம் இருந்தது. தங்க வேட்டைக் காலத்தில் குடியேறிகள் அந்த நிலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 1862-ல் பரவிய பெரியம்மை, மிச்சமிருந்தவர்களையும் உலுக்கியது. தங்கள் மக்கள் பட்டினியை நோக்கித் தள்ளப்படுவதாக, தலைவர் வில்லியம் 1879-ல் நாளிதழுக்கே கடிதம் எழுதினார். பிறகு, அவர்களுக்கு ஏரியின் மறுமுனையில் ‘சுகர் கேன்’ என்ற இடம் ஒதுக்கப்பட்டது.

கிராம நிலத்தைக் காக்கும் கடமையிலிருந்து அரசு தவறியது என்ற தீர்ப்பாயத்தின் முடிவை, 2018-ல் கனடா உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2022-ல் 13.5 கோடி கனடா டாலர் இழப்பீட்டுக்கு உடன்பாடு ஏற்பட்டது.

இன்று 150 மைல் ஹவுஸில், 1896-ல் கட்டப்பட்ட ஒற்றை அறைச் சிவப்புப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கலாம். அங்கிருந்து வில்லியம்ஸ் லேக்குக்குச் சுமார் 15 கிலோமீட்டர்தான். இடையில் வருகிறது, சுகர் கேன். அங்கே இருப்பவர்களுக்கு நியாயம் வந்து சேர மட்டும் 150 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது!