பெரிய எண்ணுக்குச் சின்னச் சோதனை

சிங்கப்பூரின் வடகிழக்கே செங்காங் என்றோர் ஊர் உண்டு. ஒரு காலத்தில் அங்கும் ரப்பர் மரங்கள் நின்றன. இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அங்குள்ள உறவினருக்குக் கடிதம் எழுதினால், முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண்ணையும் எழுத வேண்டும். இது 1995இல் வந்த முறை. ரிவர்வேல் டிரைவில் உள்ள 118ஆம் புளோக்கின் எண் 540118. 54 வட்டாரத்தைக் காட்டும்; 118 புளோக்கைக் காட்டும்.

இந்தப் பெரிய எண்ணை 9ஆல் வகுத்தால் மீதி என்ன? வகுக்கவே வேண்டாம். இலக்கங்களைக் கூட்டுவோம்: 5+4+0+1+1+8=19; பிறகு 1+9=10; பிறகு 1+0=1. மீதி 1. (கடைசியில் 9 வந்தால் மீதி இல்லை என்று பொருள்.) இது எப்படி? பத்து என்பது ஒன்பதும் ஒன்றும். நூறு என்பது தொண்ணூற்றொன்பதும் ஒன்றும். ஒன்பதுகளை நீக்கினால் இலக்கங்கள் மட்டுமே மிஞ்சும்.

ஆனால் ஒரு குறை உண்டு. கை தவறி 540181 என்று எழுதிவிட்டால்? கூட்டுத்தொகை அதே 19தான். இடம் மாறிய பிழை இந்தச் சோதனைக்கு அகப்படாது. அதற்கு 11 உதவும். வலப்புறமிருந்து ஓர் இலக்கத்தைக் கூட்டி, அடுத்ததைக் கழித்து, மாறி மாறிச் செல்வோம். 540118க்கு 8-1+1-0+4-5=7. 540181க்கு 1-8+1-0+4-5=-7. கழித்தல் எண் வந்தால் 11ஐக் கூட்ட வேண்டும், 4 வரும். மீதிகள் வேறு, பிழை அகப்பட்டது.

இதனால் நமக்கு என்ன பயன்? சம்பளக் கணக்கைப் பார்ப்போம். 437 கிலோவுக்கு, கிலோ 35 காசு வீதம் கூலி என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 15295 காசு, அதாவது 152 வெள்ளி 95 காசு. சீட்டில் 12595 என்று விழுந்துவிட்டால் நமக்கு 27 வெள்ளி நட்டம்!

முதலில் 9ஆல் சோதிப்போம். 437க்கு மீதி 5. 35க்கு மீதி 8. இவற்றைப் பெருக்கினால் 40. அதன் மீதி 4. விடையின் மீதியும் 4 ஆக வேண்டும். 12595க்கும் 4தான் வருகிறது; பிழை தப்பிவிட்டது. இனி 11. 437க்கு 7-3+4=8; 35க்கு 5-3=2. பெருக்கினால் 16, மீதி 5. 12595க்கோ 5-9+5-2+1=0. பொருந்தவில்லை. 15295க்கு -6, அதாவது 5, பொருந்துகிறது.

பொருந்தாவிட்டால் பிழை நிச்சயம். இரண்டும் பொருந்தினால், வித்தியாசம் 99இன் மடங்காக இருந்தால் மட்டுமே பிழை தப்பும், அது அரிது.

அடுத்த சம்பள நாளில், சீட்டு கைக்கு வந்ததும் வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்து இரு சோதனைகளையும் செய்யச் சொல்லுங்கள். பொருந்தாவிட்டால் கிராணியிடம் தயங்காமல் கேட்போம்: "ஐயா, இன்னொரு முறை பெருக்கிப் பாருங்கள்."