சளிக்கு ஏன் ஆன்டிபயாட்டிக் தருவதில்லை?

சளியும் காய்ச்சலுமாக வருவோர் பலர், ஆன்டிபயாட்டிக் எழுதித் தருமாறு எங்களிடம் கேட்பதுண்டு. நாங்கள் தயங்குவதற்கான காரணம், உயிரணுக்கள் புரதம் தயாரிக்கும் முறையிலேயே உள்ளது.

மரபணுவில் உள்ள செய்தியின் நகலே தூது ஆர்.என்.ஏ. அதில் ஏ, யு, ஜி, சி என நான்கு எழுத்துகள் மட்டுமே உண்டு. அவற்றை ரைபோசோம் என்னும் நுண்ணுறுப்பு மும்மூன்றாகப் படிக்கிறது. இவ்வாறு அமையும் 64 மூவெழுத்துச் சொற்களில் 61 சொற்கள், 20 வகை அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. எஞ்சிய 3 சொற்கள் 'இத்துடன் நிறுத்துக' என்னும் ஆணைகள். படித்த வரிசைப்படி அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுப் புரதம் உருவாகிறது.

பாக்டீரியாவின் ரைபோசோம் நம்முடையதிலிருந்து அமைப்பில் வேறுபட்டது. எலிக்காய்ச்சலுக்குத் தரப்படும் டாக்சிசைக்ளின், அதில் ஒட்டிக்கொண்டு, அடுத்த அமினோ அமிலம் வந்து சேராமல் தடுக்கிறது. புரதமின்றி பாக்டீரியா பெருக இயலாது. பென்சிலினோ பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்குகிறது.

வைரஸுக்குச் செல்சுவரும் இல்லை, சொந்த ரைபோசோமும் இல்லை. நம் உயிரணுக்களின் ரைபோசோமைக் கொண்டே அது தன் புரதங்களைத் தயாரித்துக்கொள்கிறது. எனவே, வைரஸால் வரும் சளியை இம்மருந்துகள் குணப்படுத்துவதில்லை. தேவையின்றி உட்கொண்டால், நம் உடலில் வாழும் பாக்டீரியாக்கள் அவற்றை எதிர்க்கும் திறன் பெறக்கூடும். பின்னர் உயிர்காக்க வேண்டிய வேளையில் மருந்து பலிக்காமல் போகலாம்.

வீட்டில் மீந்திருக்கும் மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ள வேண்டாம். மூச்சுத்திணறல் ஏற்பட்டாலோ, காய்ச்சல் மூன்று நாள்களுக்கு மேல் நீடித்தாலோ தாமதமின்றி மருத்துவரை அணுகுங்கள்.