குப்பியின் மேல் ஒரு சதுரம்

ரணஜன்னி, தொண்டை அடைப்பானுக்கு எதிரான டிடி தடுப்பூசி போடச் செவிலியர் பள்ளிக்கு வரும் நாளில், நாம் பெயர்ப்பட்டியலும் வரிசையுமாக இருந்துவிடுகிறோம். அவர் கொண்டுவரும் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். தொழிற்சாலையில் தொடங்கி மாநிலக் கிடங்கு, மாவட்டக் கிடங்கு, ஆரம்ப சுகாதார நிலையம் என்று வரும் குளிர்ச் சங்கிலியின் கடைசிக் கண்ணி அது. வழி முழுவதும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்.

எங்காவது வெயிலில் கிடந்திருந்தால் எப்படித் தெரியும்? மருந்து பார்க்க அப்படியேதான் இருக்கும். காலாவதித் தேதியும் மாறாது. இதற்காக 1996இல் போலியோ சொட்டு மருந்தில் முதலில் வந்ததுதான் குப்பியின் மேல் ஒட்டும் வெப்பங்காட்டி. ஒரு வட்டம், அதனுள் வெளிர் சதுரம். வெப்பமும் அது பட்ட நேரமும் கூடக்கூட, சதுரத்திலுள்ள வேதிப்பொருள் பலபடியாகிக் கருக்கும். மீண்டும் குளிரவைத்தாலும் வெளுக்காது. வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் குப்பியை ஒதுக்கிவிட வேண்டும். வினைவேகம் நடத்துவோருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆனால் மருந்து உறைந்துபோனதை இது காட்டாது. டிடி மருந்திலுள்ள அலுமினிய உப்புத் துகள்கள் உறைந்தால் திரண்டுவிடும். உருகிய பிறகும் வீரியம் திரும்பாது. அதனால்தான் செவிலியர் பனிக்கட்டிப் பொதிகளை எடுத்த உடனே பெட்டியில் அடுக்குவதில்லை. சற்று வெளியே வைத்து, காதருகே குலுக்கிப் பார்ப்பார். உள்ளே நீர் சலசலக்க வேண்டும். பனியும் நீரும் சேர்ந்திருக்கும் பொதி 0 டிகிரியில் நிற்கும். அதற்குக் கீழே போகாது.